ரத்தம் சொல்வதும் விரல் சொல்வதும்

நெஞ்சுவலியோடு ஒருவர் அவசரப் பிரிவுக்கு வந்தால், ஈ.சி.ஜி. எடுத்த கையோடு ரத்தமும் எடுத்துவிடுகிறார்கள். அதில் தேடுவது டிரோபோனின் என்ற புரதத்தை. இதயத் தசை நார்களுக்குள் இருக்க வேண்டிய புரதம் அது. தசை சேதமடையும்போது ரத்தத்தில் கசிகிறது. இன்றைய நுண்ணிய சோதனையில், ஒன்று முதல் மூன்று மணி நேர இடைவெளி விட்டு இரண்டு முறை அளந்தாலே மாரடைப்பா இல்லையா என்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அதே அவசரப் பிரிவுக்கு, காலையில் பல் துலக்கும்போது பிரஷ் நழுவி, வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சுக் குழறி ஒருவர் வருகிறார். அவரை நேராக சி.டி. ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். ரத்தமும் எடுப்பார்கள், ஆனால் அது சர்க்கரை, சோடியம், ரத்தம் உறையும் திறன் போன்றவற்றைப் பார்க்க. பக்கவாதம்தான் என்று தீர்ப்புச் சொல்லும் ரத்தச் சோதனை இன்றும் மருத்துவமனைகளின் அன்றாட வழக்கத்தில் இல்லை.

காரணங்கள் உண்டு. மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்சுவர் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து ஒரு தடுப்பாக நிற்கின்றன. மூளையில் நடப்பது ரத்தத்துக்கு உடனே வந்து சேர்வதில்லை. இதயத் தசை கிட்டத்தட்ட ஒரே வகைத் திசு. மூளையிலோ நரம்பணுக்கள், அவற்றைத் தாங்கும் அணுக்கள், நீண்ட நரம்பிழைகள் எல்லாம் வெவ்வேறு புரதங்களைக் கொண்டவை, வெவ்வேறு வேகத்தில் சிதைபவை. அதோடு, அடைப்பா கசிவா என்பது தெரியாமல் பக்கவாதத்துக்குச் சிகிச்சை தொடங்க முடியாது. அடைப்பைக் கரைக்கும் மருந்தை ரத்தக்கசிவு உள்ளவருக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஜி.எஃப்.ஏ.பி. என்ற புரதம் ரத்தக்கசிவில் முதல் சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் கூடுகிறது, அடைப்பில் மெதுவாகத்தான் கூடுகிறது என்பதால், இந்த வேறுபாட்டை ஆம்புலன்ஸிலேயே கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்தும் முயற்சி நடக்கிறது. அது முதல் நாளின் கதை. இந்த அத்தியாயம் பேசப்போவது அதற்குப் பிறகு வரும் நாட்களைப் பற்றி.

உயிராபத்து விலகி, நோயாளி வார்டுக்கு மாறிய பிறகு, குடும்பத்தில் ஒருவர் மருத்துவரை வராந்தாவில் நிறுத்திக் கேட்பது ஒன்றுதான்: "அம்மாவுக்குக் கை பழையபடி வந்துடுமா சார்?" பல நேரம் இன்னொன்றும் தொடரும்: "ரத்தத்துல ஏதாவது டெஸ்ட் இருந்தா எழுதிக் குடுங்க. எவ்வளவு ஆனாலும் பார்த்துடலாம்." சர்க்கரைக்கும் சிறுநீரகத்துக்கும் தைராய்டுக்கும் ரத்தத்தில் விடை கிடைத்துப் பழகியவர்கள் இதற்கும் அப்படிக் கேட்பது இயல்பே. ஆராய்ச்சியாளர்களும் இருபது, முப்பது ஆண்டுகளாக இதே கேள்வியைத்தான் ரத்தத்திடம் கேட்டுவருகிறார்கள். ரத்தம் பதில் சொல்கிறது. கேட்ட கேள்விக்கான பதிலாக அது இருப்பதில்லை.

முதலில், என்ன கசிகிறது என்று பார்ப்போம். எஸ்100பி என்ற புரதம் மூளையின் தாங்கு அணுக்களிலிருந்து வருகிறது. பக்கவாதம் வந்த இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் உச்சம் தொட்டு இறங்குகிறது. இன்று அதிகம் பேசப்படுவது நியூரோஃபிலமென்ட் லைட் செயின், சுருக்கமாக என்.எஃப்.எல். நரம்பணுவிலிருந்து நீண்டு செல்லும் இழைகளுக்கு உள்ளே, அவற்றின் பருமனையும் உறுதியையும் காக்கும் சட்டகம் ஒன்று உண்டு. அந்தச் சட்டகத்தின் ஓர் உறுப்பு இது. இழை அறுந்து சிதையும்போது முதலில் மூளைத் தண்டுவடத் திரவத்துக்கும், அங்கிருந்து மிகச் சிறு அளவில் ரத்தத்துக்கும் போகிறது.

அந்தச் சிறு அளவு எவ்வளவு என்பதைச் சொல்லியாக வேண்டும். நல்ல உடல்நலமுள்ள நடுவயதினர் ஒருவரின் ஒரு மில்லிலிட்டர் ரத்த நீர்மத்தில் சுமார் பத்து பிகோகிராம். அதாவது ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் துணுக்கில் பத்து. பழைய சோதனை முறைகளுக்கு இது எட்டவில்லை. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் வால்ட்டின் ஆய்வகத்தில் வளர்ந்து 2010-இல் வெளியான சிமோவா என்ற முறைதான் கதவைத் திறந்தது. காந்தத் தன்மையுள்ள நுண்மணிகளின் மேல் எதிர்ப்புரதங்களைப் பூசி, அவற்றை ரத்த மாதிரியில் கலக்கிறார்கள். தேடும் புரத மூலக்கூறு கிடைத்தால் மணி அதைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு ஒரு குழியில் ஒரு மணிதான் அமரும்படி வெட்டப்பட்ட பல்லாயிரம் நுண்குழிகளில் மணிகளைப் பரப்புகிறார்கள். மூலக்கூறைப் பிடித்த மணி உள்ள குழி ஒளிர்கிறது, மற்றது இருண்டிருக்கிறது. ஒளிரும் குழிகளை எண்ணினால் போதும். மொத்த மாதிரியின் நிறம் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்த இடத்தில் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ணும் வசதி வந்தது.

அப்படி எண்ணியதில் தெரிந்தது இது. பக்கவாதத்துக்குப் பின் என்.எஃப்.எல். உடனே உச்சத்துக்குப் போவதில்லை. நாட்கணக்கில் ஏறி, முதல் மூன்று வாரங்களுக்குள் உச்சம் தொட்டு, பிறகு மாதக்கணக்கில் இறங்குகிறது. அழிந்த பகுதி பெரிதாக இருந்தால் இதன் அளவும் பெரும்பாலும் கூடுதலாக இருக்கிறது. அளவு கூடுதலாக இருந்தவர்கள் சில மாதங்கள் கழித்துப் பிறர் உதவியை அதிகம் நாடுபவர்களாக இருப்பதும் பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

ஆனால் வயது ஏற ஏற, நோய் எதுவும் இல்லாமலே இதன் அளவு கூடும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் கூடும். நீண்டநாள் சர்க்கரையால் கால் நரம்புகள் பாதிக்கப்பட்டிருந்தாலும் கூடும், ஏனெனில் கை கால் நரம்புகளிலும் இதே சட்டகம்தான். நம் ஊர் பக்கவாத வார்டில் படுத்திருப்பவரை நினைத்துப் பாருங்கள்: அறுபதைத் தாண்டியவர், பல ஆண்டுகளாகச் சர்க்கரை, கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதல், பாதத்தில் எரிச்சல். பக்கவாதம் வருவதற்கு முந்தைய வாரமே அவர் ரத்தத்தில் என்.எஃப்.எல். கூடியிருந்திருக்கும். முந்தைய வாரத்து அளவு யாரிடமும் இருக்காது.

இதைக்கூடச் சரிசெய்துவிடலாம். வயதுக்கும் சிறுநீரகத்துக்கும் கணக்கில் கழிவு கொடுக்கலாம். ஒருமுறைக்கு இருமுறை அளந்து ஏற்றத்தைப் பார்க்கலாம். சரிசெய்ய முடியாத சிக்கல் வேறொன்று. அது ரத்தத்தின் இயல்பிலேயே இருக்கிறது.

மூளையின் இயக்கப் புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் பாதையில் ஒரு பக்கத்துக்குச் சுமார் பத்து லட்சம் நரம்பிழைகள் இருக்கின்றன. மேற்பரப்பில் கைக்கு, முகத்துக்கு, காலுக்கு என்று விரிந்து கிடக்கும் இடங்களிலிருந்து கிளம்பும் அவை, மூளையின் ஆழத்தில் இன்டர்னல் கேப்சூல் என்ற குறுகலான இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கீழே இறங்குகின்றன. முகுளத்தில் பெரும்பாலானவை எதிர்ப்பக்கம் கடக்கின்றன. அந்தக் குறுகலில் ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள சிறு அடைப்பு போதும், ஒரு பக்கக் கை, கால், முகம் மூன்றையும் அது ஒன்றாக வீழ்த்திவிடும். கனடிய நரம்பியலாளர் மில்லர் ஃபிஷர் 1965-இல் இத்தகைய நோயாளிகளை விவரித்தார்: உணர்ச்சி குறையவில்லை, பேச்சு போகவில்லை, நினைவு தெளிவாக இருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் அசையவில்லை. மறுபுறம், நெற்றிப் பகுதியில் இதைப்போலப் பல மடங்கு பெரிய இடம் அழிந்தும், இந்தப் பாதை தப்பியதால் இரண்டு கைகளாலும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் உண்டு.

இந்த இருவரின் ரத்தத்தையும் சோதித்தால், கை அசையாதவருக்குக் குறைவாகவும் கை அசைபவருக்குக் கூடுதலாகவும் என்.எஃப்.எல். காட்டக்கூடும். வெள்ளத்தில் மிதந்து வரும் கீற்றும் உத்தரமும் மேலே வீடுகள் இடிந்ததைச் சொல்லும். எந்தத் தெருவில் எந்த வீடு என்று சொல்லாது. ரத்தம் உடல் முழுவதையும் சுற்றிக் கலந்துவிடுகிற நீர்மம். இடம் பற்றிய தகவல் அதில் கலந்த கணமே அழிந்துவிடுகிறது. கை அசைவு திரும்புவதோ முதன்மையாக இடத்தைப் பொறுத்தது. பக்கவாத மீட்பு ஆய்வாளர்கள் பல நாடுகளிலிருந்து கூடி 2017-இல் வெளியிட்ட பரிந்துரையும் இங்கேதான் வந்து நின்றது: கை கால் இயக்கத்தைப் பொறுத்தவரை, இந்தப் பாதை எவ்வளவு தப்பியிருக்கிறது என்பதைக் காட்டும் அளவீடுகளை ஆய்வுகளில் பயன்படுத்தலாம், ரத்தக் குறிப்பான்கள் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை.

பாதை தப்பியதா என்று எப்படி அறிவது? விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படாத வழி ஒன்று இருக்கிறது. பக்கவாதம் வந்த இரண்டாம், மூன்றாம் நாளில் பிசியோதெரபிஸ்ட் கட்டிலருகே வருகிறார். நோயாளியைச் சாய்ந்து உட்கார வைத்து, விழுந்த கையை உடம்பை ஒட்டி வைக்கிறார். "அம்மா, முழங்கையை உடம்பிலிருந்து பக்கவாட்டுல விலக்குங்க பார்ப்போம்." தோள் மூட்டின் மேல் அவர் விரல்கள் இருக்கின்றன, தசை லேசாகத் துடித்தாலும் தெரிவதற்காக. தோளைத் தூக்கி உடம்பைச் சாய்த்து ஏமாற்றாக அசைவதை அவர் கணக்கில் எடுப்பதில்லை. அடுத்து மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்து, "இப்ப விரலை நீட்டுங்கம்மா." மடக்குவது பெரிதில்லை. விறைப்பிலேயே விரல் மடங்கிக்கொள்ளும். நீட்டுவதுதான் கேள்வி. ஒவ்வொரு அசைவுக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண். சோதனை முடிய இரண்டு மூன்று நிமிடம் ஆகும்.

நெதர்லாந்தில் கெர்ட் குவாக்கெலின் குழு 188 நோயாளிகளிடம் இதைச் சோதித்து 2010-இல் வெளியிட்டது. இரண்டாம் நாளில் தோளைக் கொஞ்சமாவது விலக்கவும் விரலைக் கொஞ்சமாவது நீட்டவும் முடிந்தவர்களில் 98 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் கையில் ஓரளவு பிடித்துச் செய்யும் திறன் திரும்புமென அவர்களின் கணக்கு காட்டியது. இரண்டும் முடியாதவர்களுக்கு அந்த வாய்ப்பு 25 சதவீதம்.

விரல் நீட்டலுக்கு ஏன் இத்தனை கனம்? தோளையும் இடுப்பையும் மூளைத்தண்டிலிருந்து இறங்கும் வேறு பாதைகளும் ஓரளவு அசைத்துக்கொடுக்கும். ஆகவேதான் பலருக்கு நடை திரும்பிய பிறகும் கை திரும்புவதில்லை. விரல்களைத் தனித்தனியே விரிப்பது கிட்டத்தட்ட முழுவதும் அந்தப் பத்து லட்சம் இழைகளின் வேலை. மூன்றாம் நாளில் விரல் மில்லிமீட்டர் கணக்கில் அசைந்தாலும், பாதையில் ஏதோ ஒரு பகுதி உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கேத்தி ஸ்டினியர் குழு இதையே ஒரு படிமுறையாக வளர்த்தது. மூன்றாம் நாளில் தோளுக்கும் விரலுக்குமாகப் பத்துக்கு ஐந்தோ அதற்கு மேலோ கிடைத்தால் மீட்பு நன்றாக இருக்கும் என்று கணிக்கலாம். வேறு சோதனை வேண்டாம். அதற்குக் கீழே இருந்தால், தலையின் மேல் காந்தச் சுருளை வைத்து ஒரு துடிப்பு கொடுத்து, கைத்தசையில் அதன் எதிரொலி வருகிறதா என்று பார்க்கிறார்கள். கை முற்றிலும் அசையாமல் கிடக்கும்போதே எதிரொலி வந்துவிடுவதுண்டு. பாதை இருக்கிறது, நோயாளிக்கு அதை இன்னும் இயக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். இந்தக் காந்தச் சோதனை மூன்றில் ஒருவருக்குத்தான் தேவைப்படுகிறது. மூன்று மாதம் கழித்துக் கை எப்படி இருக்கும் என்பதை இந்தப் படிமுறை நான்கில் மூவருக்குச் சரியாகச் சொன்னது. தங்கள் கணிப்பு சிகிச்சைக் குழுவிடம் சொல்லப்பட்ட நோயாளிகள் மருத்துவமனையில் தங்கிய காலம் ஏறக்குறைய ஒரு வாரம் குறைந்தது. மீட்பில் எந்தக் குறையும் ஏற்படவில்லை. இதில் ரத்தம் ஒரு சொட்டுக்கூட இல்லை.

அப்படியானால் ரத்தத்தைத் தேடுவது வீண் வேலையா? இல்லை என்றே நினைக்கிறேன். சேதத்தைக் காட்டும் குறிப்பான்களை விட்டுவிட்டு, பழுதுபார்ப்பைக் காட்டும் குறிப்பான்களைத் தேடினால் என்ன என்று பலர் யோசித்தார்கள். அந்தத் தேடலில் முன்னுக்கு வந்தது பி.டி.என்.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி. 1982-இல் ஜெர்மனியில் ஈவ்-அலைன் பார்டேயும் ஹான்ஸ் தோனனும் பன்றி மூளையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். நரம்பணுக்கள் பிழைத்திருக்கவும், அவற்றுக்கிடையே உள்ள இணைப்புகள் வலுப்படவும், புதுத் திறன் ஒன்றைக் கற்கவும் இது வேண்டும். உடற்பயிற்சி செய்தால் ரத்தத்தில் இதன் அளவு சிறிது நேரம் ஏறுகிறது. பயிற்சி, பி.டி.என்.எஃப்., இணைப்பு வலுப்படுதல், கை திரும்புதல் என்று ஒரு தொடர் கண்ணுக்கு முன் நிற்கிறது. ரத்தத்தில் இதை அளந்தால் மூளை எவ்வளவு வேகமாகத் தன்னைச் சீர்படுத்திக்கொள்கிறது என்று தெரிந்துவிடாதா?

இந்த இடத்தில் ரத்தம் எடுக்கும் மேசைக்கு வர வேண்டும். ஒருவரின் கையிலிருந்து ஒரே குத்தலில் இரண்டு குழாய்களில் ரத்தம் எடுக்கிறோம். ஒன்று ஊதா மூடி. உள்ளே ரத்தம் உறையாமல் தடுக்கும் உப்பு. இன்னொன்று சிவப்பு மூடி. அதில் ரத்தத்தை அரை மணி நேரம் போல உறையவிட்டு, சுழற்றி, மேலே தெளியும் சீரத்தை எடுப்பார்கள். இரண்டிலும் பி.டி.என்.எஃப். அளந்தால், சிவப்பு மூடிக் குழாயில் பல மடங்கு அதிகம். ஒரே மனிதர், ஒரே நரம்பு, ஒரே நிமிடம். வேறுபாட்டுக்குக் காரணம் தட்டணுக்கள். ரத்தத்தில் உள்ள பி.டி.என்.எஃப்.பில் மிகப் பெரும்பகுதி தட்டணுக்களுக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் அதை வெளியே கொட்டுகின்றன. உறையவிட்ட நேரம் பத்து நிமிடமா ஒரு மணி நேரமா என்பதைப் பொறுத்தும், தட்டணுக்களின் எண்ணிக்கை எவ்வளவு என்பதைப் பொறுத்தும் எண் மாறும். அடைப்பால் பக்கவாதம் வந்தவர்கள் ஏறத்தாழ எல்லோரும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற, தட்டணுக்களின் வேலையைத் தடுக்கும் மாத்திரைகளை விழுங்குகிறார்கள் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

அந்தத் தட்டணுக்களுக்கு பி.டி.என்.எஃப். மூளையிலிருந்து வந்ததா? எலும்பு மஜ்ஜையில் தட்டணுக்களைப் பிறப்பிக்கும் பெரிய அணுக்களே அதைத் தயாரிக்கின்றன என்று 2016-இல் காட்டினார்கள். இன்னும் ஆச்சரியம், சுண்டெலியின் தட்டணுக்களில் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. மூளையில் பி.டி.என்.எஃப். செழிப்பாக உள்ள விலங்கு அது. பக்கவாத ஆய்வில் பெரும்பகுதி நடப்பது சுண்டெலிகளில்தான் என்பதால், அங்கே மூளையில் கண்டதை இங்கே மனித ரத்தத்தில் தேடும்போது நடுவே பாலம் இல்லாமல் போகிறது. பக்கவாத நோயாளிகளின் ரத்த பி.டி.என்.எஃப்.புக்கும் மீட்புக்கும் தொடர்பு உண்டு என்று சில ஆய்வுகளும், இல்லை என்று சில ஆய்வுகளும் சொல்வதற்கு இந்தக் குழாய் விவகாரம் ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம். 'பி.டி.என்.எஃப். சோதனை' என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

ரத்தத்தில் நிலையாக இருப்பது ஒன்று உண்டு: மரபணு. வெள்ளணுக்களிலிருந்து எடுத்துப் படிக்கலாம். குழாயின் மூடி நிறம் அதை மாற்றாது. பி.டி.என்.எஃப். மரபணுவில் ஓர் எழுத்து மாறியவர்களுக்கு அந்தப் புரதத்தின் சுரப்பு சற்றுக் குறைவு. 2006-இல் ஜெஃப்ரி கிளைமும் சகாக்களும் நலமான மனிதர்களை விரல் பயிற்சி செய்யவிட்டு, முன்னும் பின்னும் காந்தச் சுருளால் இயக்கப் புறணியைச் சோதித்தார்கள். மாற்றம் இல்லாதவர்களுக்குப் பயிற்சிக்குப் பின் விரலின் இடம் புறணியில் விரிந்தது. மாற்றம் உள்ளவர்களுக்கு அந்த விரிவு குறைவாகவே இருந்தது. இதே வழியில் இன்னொரு மரபணுவும் வந்தது. எச்.ஐ.வி. கிருமி உயிரணுவுக்குள் நுழையும் வாசலான சி.சி.ஆர்.5 புரதம், பக்கவாதத்துக்குப் பின் நரம்பணுக்களில் கூடி மீட்பைத் தடுக்கிறது என்று கலிஃபோர்னியாவில் தாமஸ் கார்மைக்கேல் குழு சுண்டெலிகளில் கண்டு 2019-இல் வெளியிட்டது. அதை முடக்கினால் விலங்குகள் வேகமாகத் தேறின. இஸ்ரேலின் டெல் அவிவ் நோயாளிகளில், பிறவியிலேயே அந்த மரபணு பழுதான ஒரு பிரதியைக் கொண்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படும் இந்த மாற்றம் நம்மிடையே மிக அரிது. ஆனால் அதே புரதத்தைத் தடுக்கும் மராவிராக் என்ற மாத்திரை எச்.ஐ.வி.க்கு 2007 முதல் இருக்கிறது. அதைப் பக்கவாத மறுவாழ்வோடு சேர்த்துத் தரும் சோதனைகள் தொடங்கியிருக்கின்றன. ஒரு ரத்தக் குறிப்பான் ஒரு மருந்துக்கு வழிகாட்டுவது இந்தத் துறையில் எனக்குப் பெரும் நம்பிக்கை தரும் விஷயம்.

மீட்பில் காலத்துக்கும் பங்குண்டு. 1996-இல் ராண்டால்ஃப் நூடோ அணில் குரங்குகளின் இயக்கப் புறணியில், கைக்குரிய இடத்தில் சிறிய சேதம் ஒன்றை ஏற்படுத்தினார். சில குரங்குகளை அப்படியே விட்டபோது, சேதத்தை ஒட்டி நலமாக இருந்த கைப்பகுதியும் சுருங்கிப்போனது. வேறு சில குரங்குகளுக்கு, சிறு குழிகளிலிருந்து உணவு உருண்டையை விரலால் தோண்டியெடுக்கும் பயிற்சி கொடுத்தார். அவற்றில் கைப்பகுதி சுருங்கவில்லை. சிலவற்றில் முழங்கைக்கும் தோளுக்கும் உரிய இடத்துக்குள் கை பரவியது. பயன்படுத்தாத கை, தப்பிய மூளையையும் இழக்கிறது என்பது இதிலிருந்து தெரிந்தது.

அதற்காக முதல் நாளிலேயே எழுப்பி நடக்க வைத்தால்? ஆஸ்திரேலியாவின் ஜூலி பெர்ன்ஹார்ட் தலைமையில் ஐந்து நாடுகளில் 2,104 பேரிடம் நடந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அடிக்கடி, அதிக நேரம் எழுப்பப்பட்டவர்களில் மூன்று மாதத்தில் நல்ல நிலையில் இருந்தவர்கள் 46 சதவீதம்; வழக்கமான கவனிப்பில் 50 சதவீதம். அதிகமாக எழுப்பியது கெடுத்தது. அதே தரவை மேலும் ஆராய்ந்தபோது, குறுகிய நேரமாகப் பலமுறை எழுப்புவது நல்லது என்று தெரிந்தது. 2021-இல் அலெக்ஸாண்டர் டிரோமெரிக் குழு 72 பேரிடம், வழக்கமான சிகிச்சைக்கு மேல் 20 மணி நேரக் கைப்பயிற்சியை வெவ்வேறு காலத்தில் கொடுத்துப் பார்த்தது. இரண்டாம், மூன்றாம் மாதத்தில் பெற்றவர்கள் அதிகம் தேறினார்கள். முதல் மாதத்தில் பெற்றவர்களுக்கும் பலன் இருந்தது, சற்றுக் குறைவாக. ஆறு மாதம் கழித்துப் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை.

பயிற்சிக்கு மூளை அதிகம் இசைந்துகொடுக்கும் அந்த ஜன்னல் ஒவ்வொருவருக்கும் என்று திறக்கிறது, என்று மூடுகிறது? நாட்காட்டியைப் பார்த்து ஊகிக்கிறோம். ரத்தம் உண்மையிலேயே உதவக்கூடிய கேள்வி இதுவாக இருக்கலாம், ஏனென்றால் இதற்கு இடம் தேவையில்லை, நேரம் போதும். எம்.எம்.பி.-9 என்ற நொதியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாட்களில் அது ரத்தக்குழாய்ச் சுவரை அரித்து வீக்கத்தையும் கசிவையும் கூட்டுகிறது. ஒரு வாரம் கழித்து அதே நொதி, புது ரத்தக்குழாய்கள் வளர இடம் ஒழுங்குசெய்கிறது; அந்த நேரத்தில் அதைத் தடுத்த விலங்குகளின் நிலை மோசமானது என்று 2006-இல் காட்டினார்கள். ஆகவே 'எம்.எம்.பி.-9 கூடியிருக்கிறது' என்ற வரி, எந்த நாள் என்று சேர்க்காமல் எழுதப்பட்டால் பொருளற்றது. இதுவரை நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சேர்க்கையின்போது ஒரே ஒருமுறை ரத்தம் எடுத்து நின்றுவிட்டன. வாரந்தோறும் எடுத்து, அதே நாளில் கையையும் அளந்திருந்தால் இன்று நிறைய தெரிந்திருக்கும்.

குறிப்பான்களின் இன்னொரு பயன், நோயாளியைவிட ஆய்வாளருக்கு உரியது. ஃபுளூஆக்ஸ்டின் என்ற மனச்சோர்வு மாத்திரை கையசைவை மேம்படுத்துகிறது என்று பிரான்ஸில் 118 பேரிடம் நடந்த ஆய்வு 2011-இல் சொன்னது. பிறகு பிரிட்டனில் 3,127 பேரிடம் சோதித்தபோது அன்றாடச் செயல்திறனில் எந்தப் பலனும் இல்லை. எலும்பு முறிவுதான் கூடியது. நம் நாட்டிலும் ஒரு பெரிய முயற்சி நடந்தது. குடும்பத்தினருக்கே பயிற்சி கொடுத்து வீட்டில் மறுவாழ்வுச் சிகிச்சை செய்யவைக்கும் அட்டெண்ட் ஆய்வு, 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைச் சேர்த்தது. 2017-இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் இரு பக்கமும் 47 சதவீதம். பிசியோதெரபிஸ்ட் பற்றாக்குறை உள்ள நாட்டில் இது மனத்தைச் சோர்வடைய வைக்கும் முடிவு. பாதை தப்பியவர், முற்றிலும் அழிந்தவர், தானாகவே தேறிவிடுபவர் எல்லோரையும் ஒரே கூட்டத்தில் போட்டு சராசரி பார்த்தால், நடுவில் உள்ளவர்களுக்குக் கிடைத்த பலன் மறைந்துபோக இடமுண்டு. நோயாளிகளைத் தொடக்கத்திலேயே பிரித்து வைக்க ரத்தமும் காந்தச் சுருளும் விரலும் சேர்ந்து உதவினால், இத்தகைய ஆய்வுகளைச் சிறிய எண்ணிக்கையில், தெளிவான விடையோடு நடத்தலாம்.

இவை வரும்வரை, ஏற்கெனவே எடுக்கப்படும் சாதாரண ரத்தச் சோதனைகளை மறுவாழ்வுக் கண்ணோடு படித்தாலே பெரும் நன்மை. பக்கவாதம் உடலின் எதிர்ப்புச் சக்தியைச் சில நாட்களுக்கு அடக்குகிறது. விழுங்குவதில் சிக்கலும் சேர்ந்தால் நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வருகிறது. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ஏறினால் அன்று பயிற்சி ஏன் நடக்கவில்லை என்பதற்கு விடை கிடைக்கும். சோடியம் குறைந்தவர் மந்தமாகக் கிடப்பார். 'ஒத்துழைக்கவில்லை' என்று குறிப்பேட்டில் எழுதப்படும். ஹீமோகுளோபின் எட்டு இருக்கும் பெண்மணியைப் பத்து அடி நடக்கச் சொன்னால் மூச்சு வாங்கும். பயந்து மறுநாள் எழ மாட்டார். ஊட்டம் இல்லாமல் தசை கரைந்துகொண்டிருப்பவருக்குப் பயிற்சி தசையைச் சேர்க்காது. இந்த எண்கள் ரத்தப் பரிசோதனைத் தாளில் இருக்கின்றன. அந்தத் தாள் பிசியோதெரபிஸ்ட்டின் கைக்குப் போவதில்லை. போக வேண்டும்.

கணிப்பு பற்றி எனக்கு ஓர் அச்சம் உண்டு. எண் ஒன்று கிடைத்துவிட்டால், அதை வைத்துச் சிகிச்சையை மறுக்கும் வழக்கமும் வந்துவிடும். காப்பீட்டு நிறுவனம் கேட்கும், படுக்கை தட்டுப்பாடுள்ள மருத்துவமனை கேட்கும், கடன் வாங்கிச் சிகிச்சை பார்க்கும் குடும்பமே கேட்கும். குவாக்கெல் குழுவின் ஆய்வில் இரண்டாம் நாள் எதுவும் அசையாதவர்களில் நால்வரில் ஒருவருக்குக் கைத்திறன் திரும்பும் வாய்ப்பு இருந்தது. ஒன்பதாம் நாளில் மறுபடி சோதித்து அப்போதும் அசையாதவர்களுக்கு அது 14 சதவீதமாகக் குறைந்தது; பூஜ்யமாகவில்லை. விரல் நீட்டல் வாரங்கள் கழித்துத் தாமதமாகத் திரும்பியவர்களையும் அதே குழு பின்னர் பதிவு செய்தது. அதனால் அசையாத விரலை ஒருமுறை சோதித்து விட்டுவிடக் கூடாது. குறைந்தது முதல் எட்டு வாரம், வாரம் ஒருமுறை, அதே முறையில் சோதித்துத் தேதியோடு எழுதிவைக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பிவிட்டால் மகளோ மருமகளோ இதைச் செய்யலாம்: மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்து, விரலை நீட்டச் சொல்லி, நகக்கண் அளவுக்காவது அசைகிறதா என்று பார்ப்பது. அசைந்தால், அந்த வாரமே பிசியோதெரபிஸ்ட்டிடம் மீண்டும் போக வேண்டும்.